பயணத்தில் இலவச வைஃபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விமான நிலையம், ரயில் நிலையம், நூலகம், ஓட்டல் என்று எங்கே போனாலும் சிக்கல் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது. நெட்வொர்க்கைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, அதற்கு முன்னால் வந்து நிற்கும் லாகின் பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதி அந்தப் பக்கத்தைச் சுற்றியே வரும்.

இலவசம் என்கிறார்களே, காசை யார்தான் கட்டுகிறார்கள்?

யாரோ ஒருவர் கட்டுகிறார். விமான நிலையங்களில் இப்போது அது கழிவறை, தள்ளுவண்டி போல நிர்வாகச் செலவில் ஒன்று. சில நகரங்களில் விளம்பரம் கட்டுகிறது. நியூயார்க்கில் 2016-ல் பழைய பொதுத் தொலைபேசிப் பெட்டிகளை எடுத்துவிட்டு லிங்க்என்ஒய்சி என்ற கம்பங்களை நட ஆரம்பித்தார்கள். அவற்றின் இரு பக்கமும் உள்ள விளம்பரத் திரைகள்தான் வைஃபைக்குச் சம்பாதித்துத் தர வேண்டும் என்பது திட்டம். ஐரோப்பாவில் வைஃபை4இயு என்ற திட்டத்தில் ஐரோப்பிய ஒன்றியமே உள்ளாட்சிகளுக்குப் பணம் கொடுத்து, பூங்காவிலும் சதுக்கத்திலும் வைஃபை வைக்கச் சொன்னது.

மூன்றாவது வகையில் கட்டுபவர் நீங்கள். பணமாக இல்லை, மின்னஞ்சல் முகவரியாக, போன் எண்ணாக. அதை என்ன செய்வார்கள் என்பது லாகின் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். முழுவதையும் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. "விளம்பரச் செய்திகள் அனுப்பச் சம்மதிக்கிறேன்" என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். எடுத்துவிட்டாலும் வைஃபை பெரும்பாலும் கிடைக்கும்.

'இணைக்கப்பட்டது' என்று காட்டுகிறது, ஆனால் எதுவுமே திறக்கவில்லை. ஏன்?

நீங்கள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள், உள்கதவு இன்னும் திறக்கவில்லை. லாகின் பக்கத்தில் 'சம்மதம்' கொடுக்கும் வரை அந்த நெட்வொர்க் உங்களை வெளியே எங்கும் விடாது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினையை நீங்களே சரிசெய்யலாம். வைஃபையில் சேர்ந்தவுடன் உங்கள் போன் சத்தமில்லாமல் ஒரு சோதனை செய்கிறது. ஐபோன் என்றால் ஆப்பிளின் ஒரு குட்டிப் பக்கத்தைக் கேட்கும், அதில் 'சக்சஸ்' என்ற ஒற்றைச் சொல் வர வேண்டும். ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைக் கேட்கும், 204 என்ற எண்ணோடு வெறும் பதில் வர வேண்டும். எதிர்பார்த்த பதிலுக்குப் பதிலாக வேறு ஏதோ பக்கம் வந்தால், 'சரி, இங்கே லாகின் வேண்டும்போல' என்று போன் புரிந்துகொண்டு ஒரு சிறிய ஜன்னலைத் திறக்கிறது. நீங்கள் பார்க்கும் லாகின் பக்கம் அதுதான்.

நெட்வொர்க் இப்படி நடுவில் புகுந்து பதிலை மாற்றுவது பூட்டில்லாத, அதாவது தரவைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யாத, பழைய 'ஹெச்டிடிபி' பக்கங்களில்தான் முடியும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டுப் போட்ட 'ஹெச்டிடிபிஎஸ்' ஆகிவிட்டன. அதனால்தான் ஜிமெயிலையோ ஃபேஸ்புக்கையோ திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் லாகின் பக்கம் வராது. பிழைச் செய்திதான் வரும்.

லாகின் பக்கம் தானாக வரவில்லை என்றால் என்ன செய்வது?

விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாக மறைத்து அனுப்பும் செயலி) ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஏதாவது அமைத்திருந்தால் அதையும் தற்காலிகமாக 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். விளம்பரங்களைத் தடுக்க யாரோ சொல்லி அதை மாற்றிவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் பிரவுசரைத் திறந்து, பூட்டில்லாத ஒரு பக்கத்தை வேண்டுமென்றே கேளுங்கள். இதற்காகவே 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' என்று ஒரு தளம் இருக்கிறது. ஒருபோதும் பூட்டுப் போடாத பக்கம் அது. 'எக்ஸாம்பிள் டாட் காம்' முகவரிக்கு முன்னால் 'ஹெச்டிடிபி' என்று நீங்களே தட்டிப் போட்டாலும் வேலை நடக்கும். அதுவும் நடக்காவிட்டால் வைஃபை அமைப்பில் 'கேட்வே' என்ற இடத்தில் 192.168.1.1 அல்லது 10.0.0.1 மாதிரி ஒரு எண் இருக்கும். அதை அப்படியே முகவரிப் பட்டையில் போட்டுப் பாருங்கள்.

கடைசி வழி, அந்த நெட்வொர்க்கை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி சேர்வது. இவ்வளவு செய்தும் வராவிட்டால் கோளாறு அவர்கள் பக்கம்தான். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், அவருக்கும் வந்திருக்காது.

ஓடிபி கேட்கிறது, ஆனால் என் சிம் அங்கே வேலை செய்யவில்லையே?

இணையம் இல்லாததால்தான் வைஃபையைத் தேடுகிறோம், அந்த வைஃபையோ போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவேன் என்கிறது. வெளிநாட்டில் இறங்கியவர்களுக்கு இதைவிட எரிச்சலான விஷயம் கிடையாது.

முதலில் கவனிக்க வேண்டியது, குறுஞ்செய்தி வருவதற்கு மொபைல் டேட்டா வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன்பே ரோமிங்கை இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைத்தால் ஓடிபி வந்து சேரும். பல நிறுவனங்கள் வெளிநாட்டில் செய்தியைப் பெறுவதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் நிறுவனம் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணைப் போடும்போது நாட்டுக் குறியீட்டை மாற்ற மறந்துவிடாதீர்கள். பக்கம் அந்த நாட்டின் குறியீட்டையே போட்டு வைத்திருக்கும்.

இன்னொரு சின்னத் தொல்லை. ஓடிபியைப் பார்க்க மெசேஜ் செயலிக்குத் தாவினால், லாகின் வந்த அந்தக் குட்டி ஜன்னல் மூடிக்கொள்வதுண்டு. திரும்பி வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லும், புதிய ஓடிபி அனுப்பும், பழையது செல்லாது. மேலிருந்து அறிவிப்பை இழுத்து எண்ணைப் படித்துக்கொண்டு அங்கேயே தட்டிவிடுங்கள்.

சிம் அறவே வேலை செய்யாது என்றால், பன்னாட்டு முனையங்கள் சிலவற்றில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் குறியீடு தரும் கியாஸ்க் அல்லது தகவல் மேசை இருக்கும். அறிவிப்புப் பலகை பெரிதாக இருக்காது, விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

போன் எண் எதற்கு? சும்மா திறந்துவிட்டால் என்ன?

பல நாடுகளில் சட்டம் விடாது. யார் எப்போது இணைந்தார் என்ற பதிவு இருக்க வேண்டும் என்பது விதி, அதற்கு எளிய வழி போன் எண். இந்தியாவிலும் பொது வைஃபைக்கு ஓடிபி கேட்பது இதனால்தான். ஜெர்மனியில் வேறு மாதிரி. உங்கள் வைஃபையில் யாரோ திருட்டுத்தனமாகப் படம் இறக்கினால் நீங்கள் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. அதனால் கடைக்காரர்கள் வைஃபை வைக்கவே பயந்தார்கள், இலவச வைஃபை மிகக் குறைவான நாடு என்ற பெயரும் வந்தது. 2017-ல் சட்டத்தை மாற்றி அந்தப் பொறுப்பைத் தளர்த்தினார்கள்.

மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாம் கேட்கிறது. கொடுக்கலாமா?

மின்னஞ்சல் கொடுக்கலாம், ஆனால் இதற்கென்றே தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்திருக்கும் முகவரியை இங்கே போட வேண்டாம். புதிதாகப் பாஸ்வேர்டு உருவாக்கச் சொன்னால், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றைப் போடுங்கள்.

ஜிமெயில் பாஸ்வேர்டையோ ஃபேஸ்புக் பாஸ்வேர்டையோ அந்தப் பக்கத்திலேயே போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அட்டை எண் கேட்டாலும் அப்படித்தான், 'சரிபார்ப்பதற்கு மட்டும்' என்று எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் சரி. ஒரு செயலியையோ 'சான்றிதழ்' கோப்பையோ நிறுவச் சொல்லும் பக்கமும் வேண்டாம். இலவச வைஃபைக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை.

ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று வைஃபை தெரிகிறது. எது உண்மையானது?

பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம், அதைச் சரிபார்க்க எந்த அமைப்பும் இல்லை. பையில் வைத்த ஒரு சின்னக் கருவி விமான நிலையத்தின் பெயரையே அச்சு அசலாகச் சொல்லிக்கொண்டு நிற்க முடியும்.

இது கற்பனை அல்ல. 2024-ல் ஆஸ்திரேலியக் காவல்துறை ஒருவர்மீது வழக்குப் போட்டது. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களுக்குள்ளும் இப்படிப் போலி வைஃபை நடத்தினார் என்பது குற்றச்சாட்டு. பயணத்தின்போது சந்தேகமான ஒரு நெட்வொர்க் தெரிகிறது என்று விமான ஊழியர்கள் புகார் சொன்னதிலிருந்து விஷயம் வெளியே வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, எந்தக் குறியாக்கத்தையும் உடைத்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. இணைந்தவர்களுக்கு ஒரு லாகின் பக்கத்தைக் காட்டி, மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் விவரத்தைப் போடச் சொன்னார் என்றுதான் சொல்லப்பட்டது. மக்களே தட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே சுவரில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள், அல்லது ஊழியரைக் கேளுங்கள். அதற்கு மேல் உங்களுக்குப் பாதுகாப்பு அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது.

பழைய கதை ஒன்றும் உண்டு. 2000-களில் விமான நிலையங்களில் லேப்டாப்பைத் திறந்தால் 'ஃப்ரீ பப்ளிக் வைஃபை' என்ற பெயர் தவறாமல் தெரியும். இணைந்தால் ஒன்றும் கிடைக்காது. எல்லோரும் திருடன் வேலை என்றே நினைத்தார்கள். உண்மையில் அது விண்டோஸ் எக்ஸ்பியின் கோளாறு. பழகிய நெட்வொர்க் எதுவும் கிடைக்காதபோது அந்த லேப்டாப், முன்பு இணைந்த கணினிக்குக் கணினி இணைப்பின் பெயரைத் தானே ஒலிபரப்ப ஆரம்பிக்கும். ஆசைப்பட்டு இணைந்தவரின் கணினியும் அடுத்த இடத்தில் அதையே சொல்லும். இப்படியே அந்தப் பெயர் லேப்டாப்பிலிருந்து லேப்டாப்புக்குத் தொற்றி, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாஸ்வேர்டு இல்லாத வைஃபையில் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்களாமே?

ஒரு காலத்தில் பார்த்தார்கள். 2010-ல் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்கு ஒரு துணைநிரல் வந்தது. திறந்த வைஃபையில் உட்கார்ந்துகொண்டு பட்டனை அழுத்தினால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் ஓரத்தில் வரிசையாக வந்து நிற்கும், சொடுக்கினால் உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்டைப் போடும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மீதியைத் திறந்து வைத்திருந்த தளங்களை வெட்கப்பட வைப்பதுதான் அதை எழுதியவரின் நோக்கம், அது நடக்கவும் செய்தது. அதன்பின் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக முழுவதும் ஹெச்டிடிபிஎஸ் ஆயின.

இன்று பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தால், நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது ஓரளவு தெரியலாம். அங்கே என்ன படிக்கிறீர்கள், என்ன தட்டுகிறீர்கள் என்பது தெரியாது. எனவே 'பொது வைஃபையைத் தொடவே தொடாதே' என்ற பழைய எச்சரிக்கையை இன்னும் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. 'இந்தத் தளத்தின் சான்றிதழ் நம்பத்தகுந்தது அல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால், 'பரவாயில்லை, தொடர்க' என்பதை அழுத்தாதீர்கள். வீட்டில் ஒழுங்காகத் திறக்கும் தளம் இங்கே மட்டும் அப்படிச் சொல்கிறது என்றால் அந்த வைஃபையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஓட்டல் வைஃபைக்கு பாஸ்வேர்டு இருக்கிறதே, அது பாதுகாப்புதானே?

வரவேற்பறைப் பலகையில் எழுதி, எல்லா விருந்தினருக்கும் கொடுக்கும் பாஸ்வேர்டு அது. ஓட்டல்களில் பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 என்ற வைஃபைப் பூட்டு முறையில், அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் நீங்கள் இணையும் கணத்தைப் பிடித்துவிட்டால் உங்கள் போக்குவரத்தின் வைஃபைப் பூட்டைத் திறக்க முடியும். அதற்குள் இருக்கும் ஹெச்டிடிபிஎஸ் பூட்டு அப்போதும் இருக்கும். 2018-ல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இந்தக் குறையைச் சரிசெய்தது. பாஸ்வேர்டே இல்லாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பூட்டுப் போடும் 'என்ஹான்ஸ்டு ஓப்பன்' முறையும் அதே ஆண்டு வந்தது. இரண்டும் மெதுவாகத்தான் பரவுகின்றன.

வங்கி வேலை பார்க்கலாமா?

வங்கியின் சொந்தச் செயலியில் என்றால் பெரிய பயம் இல்லை. ஆனாலும் மொபைல் டேட்டா இருந்தால் அந்த இரண்டு நிமிடத்துக்கு வைஃபையை அணைத்துவிடுவது என் பழக்கம். தேடி எடுத்த இணைப்பு வழியாக வங்கித் தளத்துக்குப் போவது, குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தட்டுவது இவை எந்த வைஃபையிலும் ஆபத்துதான், வீட்டு வைஃபை உட்பட. கூட்டத்தில் தோளுக்குப் பின்னால் நிற்பவரின் கண்ணையும் கணக்கில் வையுங்கள். குறியாக்கம் திரைக்கு வெளியே வேலை செய்யாது.

விபிஎன் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை வைஃபை நடத்துபவரிடமிருந்து அது மறைக்கும், ஆனால் அதே தகவல் விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகும். முன்பின் தெரியாத இலவச விபிஎன் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல். அலுவலகம் கொடுத்த விபிஎன் இருந்தால் பயன்படுத்துங்கள், லாகின் முடிந்த பிறகு இயக்குங்கள். போலி லாகின் பக்கத்தில் நீங்களே பாஸ்வேர்டைத் தட்டினால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது. விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

சிக்னல் முழுதாக இருக்கிறது, வேகம் மட்டும் இல்லை. ஏன்?

சிக்னல் கட்டங்கள் காட்டுவது, கூரையில் இருக்கும் கருவியின் குரல் உங்களுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும். அந்தக் கருவியிடம் இன்னும் எத்தனை பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டாது. வைஃபையில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். தொலைவில் உட்கார்ந்து மெதுவாகப் பேசும் ஒரு பழைய போன், வேகமான போன்களின் நேரத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும்.

பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் பொதுவாக மூன்றே மூன்று: 1, 6, 11. பெரிய முனையத்தில் அது ஒரு மூலைக்கே போதாது. கூடவே மனித உடலில் இருக்கும் தண்ணீர் அலையை உறிஞ்சும், அதனால் கூட்டம் நின்றாலே சிக்னல் குறையும். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், எட்டும் தூரம் குறைவு. இரண்டும் தனித்தனிப் பெயரில் தெரிந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள்.

நடைமுறையில் இதைவிட நல்ல வழி, நடப்பது. விமானம் ஏறக் கூட்டம் நிற்கும் கேட்டிலிருந்து தள்ளி, அடுத்து எதுவும் கிளம்பாத கேட்டுக்குப் போய் உட்காருங்கள். கூரையில் தட்டு மாதிரி வெள்ளைக் கருவி தெரிந்தால் அதன் பக்கமாக நகருங்கள். அங்கேயும் அதே வேகம்தான் என்றால், ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று அவர்களே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

நேற்று லாகின் செய்தேன், இன்று மறுபடி கேட்கிறது. ஏன்?

வைஃபை உங்களை அடையாளம் காண்பது 'மேக்' முகவரி என்ற, கருவியின் அடையாள எண்ணை வைத்து. ஒரே எண்ணை எல்லா இடத்திலும் காட்டினால் நீங்கள் எங்கெங்கே போனீர்கள் என்று கோத்துப் பார்த்துவிடலாம். ஆகவே ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. அந்த எண் மாறினால் வைஃபைக்கு நீங்கள் புது ஆள். மாதக்கணக்கில் தங்கும் விடுதியில் இது தொல்லையாக இருந்தால், அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் எண்ணை மாற்றாமல் வைக்கச் சொல்லலாம். மற்ற இடங்களில் அப்படியே விடுங்கள்.

ஒரு கருவிக்குத்தான் அனுமதி என்கிறார்கள். போன், லேப்டாப் இரண்டும் இருக்கிறதே?

ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் வாங்கிய வைஃபையையே ஹாட்ஸ்பாட்டாகத் திருப்பிக் கொடுக்கும். விண்டோஸ் லேப்டாப்பும் 'மொபைல் ஹாட்ஸ்பாட்' வழியாக இதைச் செய்யும். ஐபோன் செய்யாது, மொபைல் டேட்டாவை மட்டுமே பகிரும். குடும்பமாகப் போகிறவர்கள் உள்ளங்கை அளவுப் பயண ரூட்டர் ஒன்றை வைத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை அது லாகின் ஆனால் எல்லாக் கருவிக்கும் கிடைக்கும். ஓட்டலில் வசதி, விமான நிலையத்தில் வீண் சுமை.

என் சொந்த ஹாட்ஸ்பாட்டை ஓட்டல்காரர் தடுக்க முடியுமா?

கருவி இருந்தால் முடியும், ஆனால் சில நாடுகளில் அதற்கு அனுமதி இல்லை. அமெரிக்காவில் மாரியட் நிறுவனம் நாஷ்வில்லில் இருந்த தன் ஓட்டல்-மாநாட்டு வளாகம் ஒன்றில் இப்படி விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டுகளைத் துண்டித்தது. ஓட்டலின் சொந்த வைஃபைக்கோ அங்கே கட்டணம். 2014-ல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் விசாரித்து, நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்டியது.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபின் எங்கே தேடலாம்?

பொது நூலகம். என் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். உட்கார இடம், சார்ஜ் போடப் பிளக், அமைதி, யாரும் 'என்ன வாங்குகிறீர்கள்' என்று கேட்க மாட்டார்கள். அடுத்து ரயில் நிலையம், அருங்காட்சியகம், வணிக வளாகம். சங்கிலி உணவகங்களில் ஒரு கிளையில் பதிவுசெய்தால் அநேகமாக மற்ற கிளைகளிலும் போன் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

பல்கலைக்கழகத்தில் படிப்பவரோ பணிபுரிபவரோ என்றால் 'எடுரோம்' உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் பிறந்து இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கும் கல்வித்துறை வைஃபை அது. உங்கள் கல்லூரிக் கணக்கைக் கொண்டே வேறு நாட்டு வளாகத்தில் இணையலாம். சில நகரங்களில் விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும்கூட அது கிடைக்கிறது. அமைப்பதற்கு இணையம் வேண்டும் என்பதால் ஊரிலிருந்து கிளம்பும்போதே போட்டுக்கொள்ளுங்கள்.

லாகின் பக்கமே இல்லாமல் தானாக இணையும் வழி இல்லையா?

இருக்கிறது. 'பாஸ்பாயிண்ட்' என்ற முறையில், போனில் ஒருமுறை அடையாளத்தை ஏற்றிவிட்டால் சிம் நெட்வொர்க் மாறுவதுபோல வைஃபையும் தானாகப் பிடித்துக்கொள்ளும், பூட்டும் உண்டு, எதிரில் இருப்பது உண்மையான வைஃபையா என்றும் போனே சரிபார்க்கும். 'ஓப்பன்ரோமிங்' இதன்மேல் எழுந்த உலகளாவிய கூட்டமைப்பு. போலி லாகின் பக்கங்களுக்கு உண்மையான மருந்து இதுதான். நிறைய இடங்களில் இன்னும் வரவில்லை, வந்த இடங்களிலும் அதைப் பற்றிப் பயணிகளுக்குச் சொல்வாரில்லை.

இறங்கிய விமான நிலைய வைஃபையில் முதலில் என்ன செய்வது?

படம் பார்க்காதீர்கள். அந்த முதல் கால்மணி நேரத்தை, இனி வைஃபை தேவைப்படாமல் செய்துகொள்ளப் பயன்படுத்துங்கள். உங்கள் போன் இ-சிம் (அட்டை செருகாமல் இணையம் வழியே இறக்கும் சிம்) ஏற்கும் என்றால் அந்த ஊர் டேட்டா இ-சிம்மை அங்கேயே இறக்கி நிறுவிவிடலாம். அதற்கு வேண்டியதெல்லாம் கொஞ்ச நேர இணையம்தான். அப்புறம் அந்த நகரத்தின் வரைபடத்தையும், மொழி தெரியாத ஊர் என்றால் மொழிபெயர்ப்புச் செயலியின் மொழிக் கோப்பையும் இணையமின்றிப் பயன்படுத்த இறக்கிக்கொள்ளுங்கள். தங்குமிட முகவரி, டிக்கெட், அடுத்த போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அந்த ஊர் எழுத்திலேயே உள்ள முகவரியாக இருந்தால் ஓட்டுநரிடம் காட்ட உதவும்.

வைஃபை கிடைத்தும் வாட்ஸ்அப் அழைப்பு போகவில்லை. கோளாறா?

நாட்டின் விதியாக இருக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு பொதுவாகப் போகாது. சீனாவில் வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் தேடல் எதுவுமே உள்ளூர் வைஃபையில் வராது. வெளிநாட்டு சிம்மில் ரோமிங் டேட்டா போட்டால் வரும், காரணம் அந்தப் போக்குவரத்து உங்கள் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றிப் போகிறது. இந்த நாடுகளுக்குப் போவதாக இருந்தால் வீட்டில் உள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். அழைப்பு வரவில்லை என்று பதறுவார்கள்.

விமானத்துக்குள் வைஃபை?

ஃப்ளைட் மோடைப் போட்டுவிட்டு, அதற்குள்ளேயே வைஃபையை மட்டும் இயக்க வேண்டும். சில நிறுவனங்கள் எழுத்துச் செய்தியை மட்டும் இலவசமாக விடுகின்றன, சில தங்கள் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு முழுவதும் தருகின்றன. இணைப்பு செயற்கைக்கோள் வழியாக வந்தால், அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் வகையா என்பதைப் பொறுத்து வேகம் தெரியும். உங்கள் கோரிக்கை அங்கே ஏறி இறங்கி, பதிலும் அதே வழியில் வந்து சேரவே சுமார் அரை நொடி ஆகிவிடும், ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு தயக்கம் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் புதிய வகையில் அந்தத் தயக்கம் இல்லை.

அங்கே இருக்கும் யூஎஸ்பி சார்ஜிங் முனையில் போனைப் போடலாமா?

அதன் வழியாகத் தரவு திருட முடியும் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ உட்படப் பலர் எச்சரித்திருக்கிறார்கள். அதே சமயம், பயணிகளிடம் பரவலாக அப்படி நடந்ததற்கு உறுதியான சான்று வெளிவரவில்லை. சொந்த சார்ஜரைச் சுவர்ப் பிளக்கில் செருகினால் இந்தக் கேள்வியே எழாது, வேகமாகவும் ஏறும். வேறு வழியில்லாமல் போட்டால், 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று போன் கேட்கும்போது வேண்டாம் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

சேமித்த நெட்வொர்க் பட்டியலைத் திறந்து, வழியில் சேர்ந்த பொது வைஃபைகளை எல்லாம் 'மறந்துவிடு' கொடுங்கள். பூட்டில்லாத நெட்வொர்க்கின் பெயர் போனில் இருந்தால், அதே பெயரில் யார் வந்து நின்றாலும் போன் உங்களைக் கேட்காமல் இணைந்துகொள்ளும். பயணத்துக்கென்று வைத்திருந்த மின்னஞ்சலில் விளம்பரங்கள் குவிய ஆரம்பித்திருக்கும். அதைத் திறக்க வேண்டிய அவசியம் அடுத்த பயணம் வரை இல்லை.